ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார்

யந்திரத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னரே வாடிக்கைக்காரரைத் தேடுவோர் பலர். மக்களுக்கு வேண்டுவது யாதென ஓர்ந்து, அதற்கேற்பத் தம் பட்டறையை அமைப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் மதுரை மாநகரில் தொழில் வளர்த்த ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

இவர் 1877-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியிற் பிறந்தனர். தந்தையார் விருப்பிற்கிணங்கி முதலில் வக்கீல் தொழில் புரிந்தனர். பின்னர் ரயில்வேயிலும் பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தனர். அவற்றில் மனம் நிலைகொள்ளாது, 1911-இல் சொந்தத் தொழிலில் இறங்கி, அடுத்த ஆண்டில் மோட்டார் பஸ் ஓட்டத் தொடங்கினர்.

அக்காலத்து நிலையைச் சற்றே சிந்திப்போமாக. இருப்புப்பாதை மதுரையைத் தொட்டிருந்ததேனும், அதனின்று விலகிய சிற்றூரார்க்கு மாட்டுவண்டியே கதி. வழக்கிற்காகக் கச்சேரிக்கு வருபவனுக்கும், சந்தைக்குக் காய்கறி கொணர்பவனுக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருபவனுக்கும் சிறு தாமதமும் பெருநஷ்டமாகும். அவர்கள் வேண்டியது ஆடம்பரமன்று. குறித்த வேளையிற் புறப்பட்டுக் குறித்த வேளையிற் சேரும் வண்டியே. இதனை உணர்ந்த ஐயங்கார், நேரந் தவறாமையையே தம் தொழிலின் உயிர்நிலையாகக் கொண்டனர். இவருடைய பஸ் வரக் கண்டு ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வர் என்பது இப்பக்கத்தில் வழங்கும் பேச்சு.

நேரந் தவறாமை வாய்ச்சொல்லால் வருவதன்று. ஒரு சிறு உறுப்பு பழுதுற்றாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆதலின் பழுதுபார்க்கும் பட்டறை, உதிரிச் சாமான் விற்பனை, தேய்ந்த டயருக்கு மீண்டும் ரப்பர் இடும் தொழிற்சாலை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பஸ்ஸின் தேவை பட்டறையை வளர்த்தது. வளர்ந்த பட்டறை பிறர் வண்டிகளுக்கும் பயன்பட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைத்தற்கரிதாயிற்று. வண்டிகளை நிறுத்திவிடுதல் எளிது. ஜனங்களோ வழியின்றித் தவிப்பர். ஐயங்காரின் கம்பெனியார் அடுப்புக்கரியை எரித்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் சாதனத்தைச் செய்து வெளியிட்டனர். கரிவாயுவில் எஞ்சினின் வேகம் குறையும். புறப்படுமுன் கனல் மூட்டிக் காத்திருத்தல் வேண்டும். சாம்பலை அடிக்கடி அகற்றுதலும் வேண்டும். எனினும், கரி நம் நாட்டிலேயே கிடைப்பது. வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்துப் போக்குவரத்தைக் காத்தல், அவ்வேளைக்கு உற்ற விவேகமன்றோ?

ஐயங்கார் 1955-இல் காலமாயினர். அவர் வழிவந்த பஸ்கள் 1972-இல் அரசாங்கத்தின் வசமாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. பட்டறையினின்று கிளைத்த தொழில்களோ நிலைபெற்று ஓங்கின.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை ஏதேனும் ஒரு தொழிலில் அமர்வோம். நம்மிடம் உள்ள கருவி யாது என்று கேட்குமுன், நம் வாயிலில் நிற்பவனுக்கு வேண்டுவது யாது என்று கேட்போமாக. அவ்வொரு வினாவே ஐயங்காரின் மூலதனம்.