அடிமையாய்ப் பிறந்த பேராசிரியர்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

கல்லூரிப் பேராசிரியர் ஆவதற்கென்று ஒரு வழி வகுக்கப்பட்டிருக்கிறது. உரிய வயதில் பள்ளி, அடுத்துக் கல்லூரி, பின்னர்ப் பட்டம், பட்டத்தின்பின் பணி எனப் படிப்படியாய்ச் செல்வது அவ்வழி. வீட்டில் விளக்கும், கையில் காசும், கற்றறிந்த பெற்றோரும் உடையவர்க்கு அது எளிது. அவற்றுள் ஒன்றும் இல்லாதவர், இடையில் நின்றுவிட்டவர், காலந்தாழ்த்துத் தொடங்கியவர் ஆகியோரின் நிலை என்ன? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

மிசௌரி மாநிலத்தில் டயமண்டு என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில், 1864ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். அடிமைகள் பிறந்த நாளை அக்காலத்தில் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. பண்ணைக்குரிய மோசஸ் கார்வரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. கைக்குழந்தையாய் இருந்தபோது கொள்ளைக் கூட்டத்தார் அவரையும் அன்னை மேரியையும் கவர்ந்து சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது, அன்னை திரும்பவேயில்லை. அடிமைமுறை ஒழிந்தபின் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் அவரையும் அவர்தம் தமையனையும் வளர்த்தனர். நோஞ்சானாய் இருந்ததால் வயல் வேலைக்கு அனுப்பப்படாத அச்சிறுவன், சூசனிடம் சமையலும் துணி வெளுத்தலும் தையலும் எழுத்தும் கற்றான். எஞ்சிய பொழுதெல்லாம் காட்டுச் செடிகளோடு கழிந்தது.

அருகிலிருந்த பள்ளி கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே சிறுவயதிலேயே வீட்டைவிட்டு நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று, மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின அம்மையாரின் இல்லத்தில் தங்கிப் படித்தார். பின்னர்க் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராய் அலைந்தார். சென்ற இடமெல்லாம் துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்தார். கிடைத்த பள்ளியிற் படித்தார். 1879இல் போர்ட் ஸ்காட் நகரில் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பலொன்று கொன்றதைக் கண்ணாற் கண்டு, அவ்வூரைவிட்டே வெளியேறினார்.

1885ஆம் ஆண்டில் ஹைலண்டு என்னுமிடத்துக் கல்லூரி, விண்ணப்பத்தைப் பார்த்து அவருக்கு இடமளித்தது. ஆளைப் பார்த்ததும் மறுத்தது. எழுத்தில் தெரியாத நிறம் வாயிலில் தெரிந்துவிட்டதே காரணம். இத்தகைய வாயில்கள் நமக்குப் புதியன அல்ல.

அவர் மேற்குக் கான்சாசில் அரசு நிலம் பெற்று, புல்மண் கட்டிகளால் வீடு கட்டிப் பயிர் செய்தார். இதற்கிடையில் ஐந்தாண்டுகள் கழிந்தன. 1890இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு அவர் பயின்றது வேளாண்மை அன்று, ஓவியமும் இசையும்! மாணவர் துணிகளை வெளுத்துக் கிடைத்த கூலியில் வயிறு வளர்த்தார். ஓவியம் கற்பித்த எட்டா பட் என்னும் ஆசிரியை, அவர் தீட்டிய செடிகளில் ஓர் ஓவியனின் கையோடு தாவரவியல் அறிஞனின் கண்ணையும் கண்டார். ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரியில் அந்த அம்மையாரின் தந்தை பேராசிரியர். அங்குச் சென்று பயிலுமாறு அவர் தூண்டினார்.

1891இல் கார்வர் அக்கல்லூரியின் முதற் கறுப்பின மாணவரானார். தொடக்கத்தில் மற்ற மாணவரோடு உணவுக் கூடத்தில் உண்ணவும் அவருக்கு இசைவில்லை. ஆயினும் 1894இல் இளநிலைப் பட்டம் பெற்றார். அப்போது அகவை ஏறத்தாழ முப்பது. அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பணியும் பெற்று, தாவர நோய்களை ஆராய்ந்து, 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்வு அவருக்கு உறுதி. ஆனால் அலபாமாவில் டஸ்கீகி என்னுமிடத்தில் கறுப்பின மக்களுக்குக் கல்வி நிலையம் நடத்திவந்த புக்கர் வாஷிங்டன் அழைக்கவே, 1896இல் அங்குச் சென்றார். ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்கது அங்கு இல்லை. குப்பையிற் கிடந்த புட்டிகளையும் ஓட்டைப் பாத்திரங்களையும் மாணவரோடு சேர்ந்து பொறுக்கிவந்து ஆய்வுக் கருவிகள் ஆக்கினார்.

அங்குள்ள கறுப்பின உழவர் பெரும்பாலும் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். பருத்தியையே ஆண்டுதோறும் விதைத்ததால் மண் சத்திழந்தது, கடன் ஏறியது. பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறும் நிலக்கடலையும் பயிரிடச் சொன்னார் கார்வர். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தரும். உரம் வாங்கக் காசில்லாத உழவனுக்கு இது விலையில்லா உரம். அவன் பிள்ளைகளுக்கு உணவுமாகும். கல்லூரிக்கு வர இயலாத உழவரை நாடிக் கல்லூரியே செல்லும் பொருட்டு, 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று ஊர் ஊராய்ப் புறப்பட்டது. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றேடுகளையும் அவர் எழுதினார்.

1921இல் அமெரிக்கப் பேராயக் குழுவின் முன் நிலக்கடலையைப் பற்றிப் பேச அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. கேட்டவர்கள் மேலும் மேலும் நேரம் கொடுத்தனர். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சிலர் புகழ்வதுண்டு, அது சரியன்று. ஏழை உழவனின் வயலையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டதே அவர் பெருமை. தம் சேமிப்பை ஆராய்ச்சி நிறுவனத்துக்கே அளித்துவிட்டு, 1943 ஜனவரி 5ஆம் நாள் டஸ்கீகியில் மறைந்தார்.

தடையைத் தாண்டிய ஒருவரைக் காட்டி, தடைகள் இருந்தால்தான் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: ஹைலண்டு வாயிலில் திருப்பப்பட்ட கார்வர் ஐந்தாண்டுகளை இழந்தார். அவரைப்போல் திருப்பப்பட்டு, மீண்டும் கல்லூரி வாயிலைக் காணாமலே மறைந்தோர் எத்தனை பேர்! அவர்கள் வரலாற்றை எழுத எவருமில்லை. ஒரு மரியா வாட்கின்சும் ஓர் எட்டா பட்டும் வழியில் இல்லையெனில் கார்வர் வரலாறும் எழுதப்பட்டிராது. தங்க இடமும், தட்டிக் கொடுக்கும் ஓர் ஆசிரியரும் ஒரு வாழ்வின் திசையையே மாற்றவல்லன. நம் கல்விக் கழகம் இருப்பதும் அதற்காகவே.

இளைஞர்களே! படிப்பை இடையில் விட்டவர் மீண்டும் தொடங்குங்கள். முப்பது வயது தாழ்வன்று. கூலி வேலை செய்து படிப்பது இழிவன்று. தொடங்கிய பாடத்தை மாற்றுவதும் தோல்வியன்று. கற்று உயர்ந்தபின் கற்றதைச் சுமந்துகொண்டு நம் ஊருக்குத் திரும்புங்கள். கழக உறுப்பினர்களே! அவர்களுள் எவரும் வாயிலில் ஐந்தாண்டு நிற்க நேராதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை.