சிலாபங் கடந்து சென்ற யாத்திரிகர்

மாலைதீவின் தலைநகராகிய மாலேயினின்றும் கட்டுநாயக்காவுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 775 கிலோமீற்றர். விமானத்துக்கு ஒன்றரை மணிநேரம் போதும். புவியியல் ஆசிரியர் வாராத நாளொன்றில் இக்கணக்கை யான் கரும்பலகையில் எழுதியபோது, முன்னோர் இக்கடலை எத்தனை நாளிற் கடந்தனர் என்று மாணவனொருவன் வினவினான். அவனுக்கு விடையாக யான் கூறியது இப்னு பதூதாவின் வரலாறு.

மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த அப்பெரியார், தமது இருபத்தொராம் வயதில் மக்கா யாத்திரைக்கெனப் புறப்பட்டார். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் கீழ்க் காதியாராய் விளங்கினார். சீனத்துக்குத் தூதராய்ச் செல்லும் வழியிற் கள்ளிக்கோட்டைக் கரையிலே கப்பல்களைப் புயலுக்கு இழந்தார். தில்லிக்கு மீள அஞ்சி மாலைதீவு சேர்ந்து, ஆங்கும் காதியாரானார்.

1344இல் அத்தீவுகளை நீங்கினார். மூன்று நாளில் முடியவேண்டிய அக்கடற்பயணம் ஒன்பது நாள் நீண்டது. கண்ணுக்குத் தெரிந்த கரையோ ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது. அவர் மரக்கலங்கள் கடலிற் கொள்ளையிடுவன என்று கேள்வியுற்றிருந்த மாலுமிகள் அணுக அஞ்சினர். இப்னு பதூதா தாமே முன்வந்து கரையிறங்கினார். புத்தளத்தில் இருந்த அத்தமிழ் வேந்தரோ பாரசீக மொழி அறிந்தவர். வந்தவரை வரவேற்று, முத்துகளும் ஈந்தார். வேண்டுவது யாதென வினவியபோது, சிவனொளிபாத மலையைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் விருந்தினர். ஆதம் நபியின் அடிச்சுவடு ஆண்டுளது என்பது இசுலாமியர் நம்பிக்கை. அரசர் பல்லக்கொன்று கொடுத்து, யோகியர் நால்வர், அந்தணர் மூவர், ஏவலர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரை உடன் அனுப்பினார். காதியாரும் யோகியரும் அந்தணரும் ஒரு மலையை நோக்கி ஒரு வழியே நடந்த அக்காட்சியை யான் பலகால் எண்ணியதுண்டு.

அவ்வழியில் அவர் குறிக்கும் பந்தர் சலாவாத் எனும் சிறு துறை எம் சிலாபமே என்பர் ஆராய்ச்சியாளர். வடக்கினின்றும் வந்தாராதலின், தெதுறு ஓயாவைக் கடந்தே இவ்வூருட் புகுந்திருத்தல் வேண்டும். ஊரைப் பற்றி ஓரிரு சொல்லே கூறி, அப்பால் நீர் மிகுந்த கரடுமுரடான நாட்டையும் ஆண்டு திரியும் யானைகளையுமே அவர் விரித்துரைக்கின்றார். இது எங்களூரார் சிலர்க்கு மனக்குறை, எனக்கில்லை. மலையில் மனம் வைத்தவர்க்கு ஊர்கள் தங்குமிடங்கள்தாமே!

மலை கண்டு மீண்டபின் மதுரைக் கரைக்குச் செல்கையிற் கலம் உடைந்தது. பின்னர் மலையாளக் கரையிற் கடற்கொள்ளையர் அவரை மறித்து, ஆரியச்சக்கரவர்த்தி ஈந்த மணிகள் உட்பட யாவும் பறித்தனர். இங்கிருந்து தாஞ்சியர் நேர்கோட்டில் ஏறக்குறைய 9,100 கிலோமீற்றர். சீனமும் சென்று சுற்றிய அவர் மொரோக்கோ சேர்ந்தது 1349இல், ஐந்தாண்டு கழிந்திருந்தது. கொள்ளைநோய்க்கு அன்னையார் சில திங்கள் முன்னரே இரையானார் என்னுஞ் செய்தி வழியிலேயே அவர் செவிப்பட்டது. சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் என்பார்க்குத் தம் பயணங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதப்பெற்ற நூல் 1355இல் நிறைவெய்தியது. முத்துகள் போயின, பந்தர் சலாவாத் என்னும் பெயர் அந்நூலில் உளது.