போட்டியாளர் இருவரை ஓரணியில் நிறுத்திய அல்பிரடோ பின்டா

தாம் வெல்வதில் வல்லவரான ஒருவர் பிறரை வெல்லச் செய்வதிலும் வல்லவராக விளங்குவது அபூர்வம். இத்தாலியின் சைக்கிளோட்ட வரலாற்றில் அவ்வாறு விளங்கியவர் அல்பிரடோ பின்டா.

1902 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி வட இத்தாலியின் சிட்டிலியோ என்ற சிற்றூரில், 14 பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் பிறந்த பின்டா, இளமையிலேயே பிழைப்புத் தேடிச் சகோதரருடன் பிரான்ஸின் நீஸ் நகருக்குச் சென்று, சுவருக்குச் சாந்து பூசும் தொழிலில் ஈடுபட்டார். சைக்கிளோட்டமே அவரது வாழ்வை மாற்றியது. 1925 இல், தாம் முதன்முறையாகப் பங்குபற்றிய ஜிரோ டி இத்தாலியா போட்டியிலேயே, மக்களின் அபிமான வீரரான ஜிரார்டெங்கோவை வென்று அவர் முதலிடம் பெற்றார். 1927 இல் அப்போட்டியின் 15 கட்டங்களில் 12 ஐத் தமதாக்கினார். 1928, 1929, 1933 ஆம் ஆண்டுகளிலும் அவரே வெற்றியாளர். உலக சம்பியன் பட்டத்தையும் மூன்று தடவைகள் வென்றார்.

இவ்வளவு வெற்றியும் அவருக்குப் பாதகமாகவே முடிந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டியில் மக்கள் ஆர்வம் இழந்தனர். எனவே 1930 இல், முதற்பரிசுக்கு நிகரான 22,500 லீராவை வழங்கி, அவரைப் போட்டியில் கலந்துகொள்ளாதிருக்குமாறு ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டனர். அவரும் இணங்கினார். 1936 இல் விபத்தொன்றில் தொடை எலும்பு முறிந்ததை அடுத்து அவரது ஓட்ட வாழ்வு முடிவுற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தாலியத் தேசிய அணியின் முகாமையாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் டூர் டி பிரான்ஸ் போட்டியில் தேசிய அணிகளே பங்குபற்றின. 1948 இல் பின்டாவின் வழிநடத்தலில் ஜினோ பார்ட்டாலி அதனை வென்றார். ஆயினும் அதே ஆண்டு உலக சம்பியன் போட்டியில் பார்ட்டாலியும் பவுஸ்டோ கோப்பியும் ஒருவரையொருவர் கண்காணிப்பதிலேயே காலங்கடத்தி, இறுதியில் இருவரும் போட்டியிலிருந்து விலகினர். இத்தாலியே இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலம் அது.

1949 டூர் டி பிரான்ஸ் போட்டிக்கு அவ்விருவரையும் ஓரணியில் அழைத்துச் செல்லும் கடினமான பணி பின்டாவுக்குரியதாயிற்று. செயின்ட் மாலோ நோக்கிய கட்டத்தில் கோப்பி வீழ்ந்து அவரது சைக்கிள் சேதமுற்றபோது, மாற்றுச் சைக்கிளை ஏற்றிய பின்டாவின் வாகனம் அருகில் இருக்கவில்லை. முகாமையாளர் பார்ட்டாலியின் பக்கமே நிற்கிறார் என ஐயுற்ற கோப்பி, நாடு திரும்பவும் துணிந்தார். பின்டா அவரைச் சமாதானப்படுத்தித் தொடர்ந்து ஓடச் செய்தார்.

அல்ப்ஸ் மலைகளில் இருவரும் இணைந்தே முன்னேறினர். பிரியன்சோனில் கட்ட வெற்றியும் மஞ்சள் சட்டையும் பார்ட்டாலிக்குக் கிட்டின. மறுநாள் அவோஸ்டா செல்லும் வழியில் பார்ட்டாலி தடங்கலுக்குள்ளானபோது, கோப்பியைத் தனித்துச் செல்லுமாறு பின்டா பணித்தார். பரிஸில் கோப்பி முதலாமிடத்தையும், 10 நிமிடம் 55 செக்கன் பின்தங்கிய பார்ட்டாலி இரண்டாமிடத்தையும் பெற்றனர். 1952 இல் கோப்பியும் 1960 இல் நென்சினியும் பின்டாவின் வழிகாட்டலிலேயே அதே போட்டியை வென்றனர்.

1986 ஜூலை 19 ஆம் திகதி தாம் பிறந்த ஊரிலேயே பின்டா காலமானார். ஜிரோவில் அவர் ஈட்டிய ஐந்து வெற்றிகளைக் கோப்பியும் எடி மேர்க்ஸும் பின்னர் சமப்படுத்தினர். ஆனால் ஐயமும் பொறாமையும் கொண்ட இருவரை, எவரது தன்மானத்துக்கும் பங்கமின்றி ஒரே இலக்கு நோக்கி நடத்திய சாதனை எந்தப் பட்டியலிலும் இல்லை. தனித்து வென்ற காலத்தில் மக்களைச் சலிப்படையச் செய்த பின்டா, பிறரை வெல்ல வைத்தபோதே ஒரு தேசத்தை மகிழ்வித்தார்.