பால் கரைசலா, தொங்கலா? விடை தேடியபோது பிறந்த டயாலிசிஸ்: தாமஸ் கிரஹாமின் கதை

ஒரு டம்ளர் தண்ணியில உப்பு போட்டுக் கலக்குங்க. கொஞ்ச நேரத்தில் உப்பு கண்ணுக்கே தெரியாது. மூடி வைத்தால் எத்தனை நாளானாலும் அடியில் தங்காது. வடிகட்டினாலும் பிரியாது. இது கரைசல்.

இன்னொரு டம்ளரில் சாக்பீஸ் தூளைக் கலக்குங்க. தண்ணி வெள்ளையாகும். ஆனா கொஞ்ச நேரத்துல தூள் அடியில படிஞ்சிடும். வடிதாளில் ஊற்றினால் தூள் மேலேயே நின்றுவிடும். இது தொங்கல். நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று மருந்து பாட்டிலில் போட்டிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் தொங்கல்தான்.

சரி, பால்? சாக்பீஸ் தண்ணி மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஆனால் வடிதாள் வழியாக இறங்கிவிடுகிறது. பசை, ஜெலட்டின், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாமே இதே குழப்பம்தான். இந்த மூன்றாவது வகைக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் கிரஹாம்.

யார் இவர்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1805-ல் பிறந்தவர். அப்பா துணித் தொழிலில் வசதியாக இருந்தவர். மகன் தேவாலய போதகராக வேண்டும் என்பது அவர் கனவு. மகனுக்கோ வேதியியல் மேல் ஆசை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அப்பா பண உதவியை நிறுத்திவிட்டார். அம்மாவும் தங்கையும் துணை நின்றார்கள். பாடம் நடத்தியும் எழுதியும் வந்த சொற்ப வருமானத்தில் கிரஹாம் காலம் தள்ளினார்.

1830-ல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. பின்னாளில் ஆப்பிரிக்கப் பயணங்களுக்காகப் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன், அங்கே அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்தான். வாயுக்கள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் கிரஹாம் விதி 1833-ல் வெளியானது. அடர்த்தி குறைந்த வாயு வேகமாகப் பரவும். வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இப்பவும் இருக்கிறது.

1837-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மாறினார். 1841-ல் தொடங்கிய லண்டன் வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் இவரே. 1855-ல், ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பிரிட்டிஷ் நாணயச்சாலைத் தலைவர் பதவி தேடி வந்தது. பெரிய அரசாங்க வேலை. ஆனாலும் ஆய்வை விடவில்லை.

என்ன செய்து பார்த்தார்?

வாயுக்களில் கேட்ட அதே கேள்வியைத் திரவங்களிடமும் கேட்டார். ஜாடியில் தண்ணீர், அதன் அடியில் ஒரு பொருளின் கரைசல். கலக்காமல் விட்டால் அது எவ்வளவு வேகமாக மேலே பரவும்? ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஆகும் நேரத்தை 1 என்று வைத்தால், உப்புக்கு 2.33, சர்க்கரைக்கு 7, வெள்ளைக்கருவில் உள்ள ஆல்புமினுக்கு 49, கருக்கிய சர்க்கரைக்கு 98!

இவ்வளவு வித்தியாசம் இருந்தால், அதை வைத்தே பொருட்களைப் பிரிக்கலாமே? ஒரு வளையத்தில் தோல்காகிதத்தைப் பறை மாதிரி இழுத்துக் கட்டினார். அதில் கலவையை ஊற்றித் தண்ணீரில் மிதக்கவிட்டார். உப்பும் சர்க்கரையும் தாள் வழியாக வெளியேறின. ஆல்புமினும் பசையும் உள்ளேயே தங்கிவிட்டன. சிறுநீரை ஊற்றியபோது யூரியா தண்ணீருக்குள் இறங்கியது. பாலிலோ ரத்தத்திலோ கலந்த ஆர்செனிக் விஷத்தையும் இப்படிப் பிரித்துக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்.

1861-ல் இதை வெளியிட்டபோது இந்த முறைக்கு டயாலிசிஸ் என்று பெயர் வைத்தார். தாளைத் தாண்டாத பொருட்களுக்கு, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கொலாய்டு என்ற பெயர். தமிழில் கூழ்மம்.

எங்கே தவறினார்?

கூழ்மங்கள் என்பது தனி ஜாதிப் பொருட்கள், அவை படிகமாகும் பொருட்களிலிருந்து அடிப்படையிலேயே வேறானவை என்று கிரஹாம் நினைத்தார். அது சரியில்லை. பிறகு புரதங்களைப் படிகமாக்க முடிந்தது. தகுந்த திரவத்தில் சாதாரண உப்பையே கூழ்மமாக்கவும் முடிந்தது. விஷயம் பொருளில் இல்லை, துகளின் அளவில்தான். சுமார் 1 நானோமீட்டருக்குக் கீழே என்றால் கரைசல். 1 முதல் 1,000 வரை கூழ்மம். அதற்கு மேல் தொங்கல். மூன்றுக்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. பாலிலேயே சர்க்கரை கரைந்திருக்கிறது, புரதம் கூழ்மமாக இருக்கிறது, பெரிய கொழுப்புத் துளிகள் மெதுவாக மேலே வந்து ஆடையாகின்றன.

ஆனால் அவர் செய்துகாட்டிய பிரிப்பு தவறவில்லை.

அதற்கு அப்புறம்?

1869 செப்டம்பரில், 63 வயதில் கிரஹாம் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தன் முறை மனித உடம்பில் பயன்படுவதை அவர் பார்க்கவில்லை. 1924-ல் ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ரத்த டயாலிசிஸ் செய்தார். 1943-ல், நாஜிகள் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் சாசேஜ் செய்யப் பயன்படும் செலோஃபேன் உறையை வைத்து செயற்கைச் சிறுநீரகம் கட்டினார். முதலில் வந்த நோயாளிகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1945-ல் கோமாவில் இருந்த ஒரு பெண் கண் விழித்தார்.

இன்றைக்கு டயாலிசிஸ் மெஷினில் நடப்பதும் அதேதான். சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் உப்புகள் அளவாகக் கலந்த திரவம். யூரியா சின்னது, தாண்டிப் போய்விடும். ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை, தங்கிவிடும். ஒருமுறை உட்கார்ந்தால் சுமார் 4 மணி நேரம், பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை. அப்பா பணம் நிறுத்தியபோது அந்தப் பையன் படிப்பை விட்டிருந்தால், இந்த மெஷினுக்கு இந்தப் பெயரே இருந்திருக்காது.