உழைப்புக்கு விலை கேட்ட வீராங்கனை

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை வாசிக்கும்போது அவர்கள் வென்ற கிண்ணங்களை எண்ணிப் பார்ப்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். பிரான்ஸ் நாட்டு டெனிஸ் வீராங்கனை சுசான் லெங்லனின் வாழ்க்கையிலும் கிண்ணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, 27ஆவது வயதில் அவர் எடுத்த ஒரு முடிவுதான்.

சுசான் 1899ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி பரிஸ் நகரில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமாவினால் அவதிப்பட்டார், அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். ஓடியாடி விளையாடினால் பிள்ளையின் உடல் தேறும் என்று எண்ணிய தந்தை சார்ள்ஸ் லெங்லன், 1910இல் அவருக்கு ஒரு டெனிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்தார். மகளின் திறமையைக் கண்டதும் தந்தையே பயிற்றுவிப்பாளரானார். மைதானத்தில் ஒரு கைக்குட்டையை விரித்துவைத்து, பந்து சரியாக அதன்மீது விழும்வரை அடிக்கச் சொல்வார். பின்னர் கைக்குட்டையை வேறோர் இடத்திற்கு மாற்றுவார். பெண்களுடன் மட்டுமன்றி ஆண்களுடனும் விளையாடப் பழக்கினார். அக்காலத்தில் ஒரு தந்தை தன் மகளுக்காக இவ்வளவு நேரம் செலவிட்டது பெரிய விடயம். எனினும் அவர் கண்டிப்பும் மிகுந்தவர். பிழைவிட்டால் கடிந்துகொள்வார். அந்தக் கண்டிப்பு சுசானுக்குத் திறமையையும் தந்தது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தையும் தந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1914இல், 15 வயதிலேயே, பரிஸுக்கு அருகில் நடைபெற்ற உலகக் களிமண்தரைச் சம்பியன்ஷிப் போட்டியில் வெற்றி பெற்றார். ஆனால் அவ்வாண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. பல பெரிய போட்டிகள் நின்றுபோயின. யுத்தம் முடிந்து 1919இல் விம்பிள்டன் மீண்டும் ஆரம்பமானபோது சுசானுக்கு வயது 20.

இறுதிப் போட்டியில் அவரை எதிர்கொண்டவர் டொரோத்தியா லம்பேர்ட் சேம்பர்ஸ். வயது 40. ஏற்கனவே ஏழு தடவைகள் அங்கு சம்பியனானவர். மன்னர் ஐந்தாம் ஜோர்ஜும் மேரி மகாராணியும் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தனர். சேம்பர்ஸ் அக்கால வழக்கப்படி நீண்ட பாவாடையும் முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்தார். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சையோடு விளையாடிய காலம் அது. மூச்சு விடுவதே சிரமம் எனும்போது ஓடுவது எப்படி? சுசான் கச்சையைக் களைந்து, தாராளமாக ஓடவும் பாயவும் ஏற்ற எளிய ஆடையில் வந்தார். பலர் முகம் சுளித்தனர். நாம் அவரைப் போல உடுத்த வேண்டியதில்லை. ஆனால் விளையாடுபவரின் ஆடை விளையாட்டுக்கு இடம்தர வேண்டும் என்று அவர் உணர்த்திய உண்மை, எந்த ஆடையை அணியும் பெண்ணுக்கும் பொருந்தும்.

முதலாவது செட்டை 10–8 என சுசான் வென்றார். இரண்டாவது செட்டை 6–4 என சேம்பர்ஸ் கைப்பற்றினார். மூன்றாவது செட்டில் சேம்பர்ஸ் 6–5 என முன்னேறி, இன்னும் ஒரேயொரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலையை இரண்டு முறை அடைந்தார். அவற்றில் ஒரு முறை சுசான் எட்டி அடித்த பந்து மட்டையின் மரச்சட்டத்தில் பட்டு, மயிரிழையில் வலையைத் தாண்டி மறுபுறம் விழுந்தது. தப்பிப் பிழைத்த சுசான் 9–7 என அந்த செட்டையும் சம்பியன் பட்டத்தையும் வென்றார்.

அதன்பின் வெற்றிகள் குவிந்தன. 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையர், கலப்பு இரட்டையர் ஆகிய இரண்டிலும் தங்கம் பெற்றார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு தடவைகள் வென்றார். 1925 விம்பிள்டன் ஒற்றையரில் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் இழந்தவை ஐந்து கேம்கள் மட்டுமே! 1926 பெப்ரவரியில் கான் நகரில் அமெரிக்காவின் இளம் வீராங்கனை ஹெலன் வில்ஸை 6–3, 8–6 எனத் தோற்கடித்தார். அந்த ஒரு போட்டியைக் காணப் பல நாடுகளிலிருந்தும் மக்களும் பத்திரிகையாளர்களும் திரண்டனர்.

இத்தனைக்கும் அவருக்குப் பரிசுப் பணம் எதுவும் இல்லை. பெரிய போட்டிகள் அனைத்திலும் அமெச்சூர்கள், அதாவது பணம் பெறாமல் ஆடுபவர்கள், மட்டுமே பங்குபற்றலாம் என்பது அன்றைய விதி. சுசானைப் பார்க்க மக்கள் டிக்கட் வாங்கினார்கள். அந்தப் பணம் கழகங்களுக்கும் போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் சென்றது. பணம் பெறாமல் ஆடுவது உயர்ந்த கொள்கை போலத் தோன்றலாம். ஆனால் சொந்தச் செல்வம் உள்ளவர்களுக்குத்தான் அது இலகுவானது. மற்றவர்கள் எப்படிப் பிழைப்பது?

1926இல் சுசான் துணிந்தார். அமெரிக்க ஏற்பாட்டாளர் சி. சி. பைல் என்பவருடன் 50,000 டொலருக்கு ஒப்பந்தம் செய்து, பணம் பெற்று ஆடும் தொழில்முறை வீராங்கனையானார். ஒக்டோபர் 9ஆம் திகதி நியூயோர்க் மெடிசன் ஸ்குவயார் கார்டனில் நடந்த முதல் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 13,000 பேர் வந்தனர். அச்சுற்றுப்பயணத்தில் மேரி பிரவுனுடன் ஆடிய 38 ஆட்டங்களிலும் அவரே வென்றார்.

பணத்துக்காக விளையாட்டை விற்றுவிட்டார் எனப் பலரும் தூற்றினர். விம்பிள்டன் கழகம் அவருக்கு வழங்கியிருந்த கௌரவ உறுப்புரிமையை மீளப் பெற்றுக்கொண்டது. அந்தப் புற்தரையில் போட்டியிட அவருக்கு மீண்டும் வாய்ப்புக் கிடைக்கவேயில்லை. தன் ஆட்டத்தால் மற்றவர்கள் இலாபம் பெற்றபோது குற்றமாகத் தெரியாத பணம், அதை ஆடியவளே கேட்டபோது மட்டும் குற்றமானது. இதில் நியாயம் எங்கே என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பிற்காலத்தில் சுசான் பரிஸில் டெனிஸ் பள்ளியொன்றை நடத்தி இளையவர்களைப் பயிற்றுவித்தார். 1938 ஜூலை 4ஆம் திகதி, கடும் இரத்தசோகை நோயினால் 39ஆவது வயதில் காலமானார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான், கானில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ் தனது எட்டாவது விம்பிள்டன் பட்டத்தை வென்றிருந்தார்.

அவர் மறைந்து 30 ஆண்டுகளின் பின்னர், 1968இல், அமெச்சூர்களும் தொழில்முறை வீரர்களும் ஒன்றாக ஆட விம்பிள்டன் அனுமதித்தது. 2007 முதல் அங்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத்தொகை வழங்கப்படுகிறது. 2022இல் துனீசியாவின் முஸ்லிம் வீராங்கனை ஒன்ஸ் ஜபூர் விம்பிள்டன் இறுதிப் போட்டிவரை முன்னேறினார். அதில் அவர் வெல்லாவிட்டாலும் அவரது உழைப்புக்குரிய ஊதியம் கிடைத்தது. அவரைத் தூற்ற எவரும் இருக்கவில்லை. பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில் வெல்லும் பெண்ணுக்கு இன்று வழங்கப்படும் கிண்ணமும் சுசான் லெங்லனின் பெயரையே தாங்கியுள்ளது.

உயர்தரத்தில் பயிலும் நாம் நாளை ஆசிரியையாகவோ, மருத்துவராகவோ, தையல் தொழில் செய்பவராகவோ ஆகலாம். நாம் செய்யும் வேலையைப் பலரும் பாராட்டுவார்கள். பாராட்டை நன்றியோடு ஏற்போம். ஆனால் அது கூலிக்கு ஈடாகாது. உரியதைக் கேட்பது பேராசையுமல்ல, அடக்கமின்மையுமல்ல. ஒரு பெண்ணின் உழைப்புக்கும் கணக்கு உண்டு என்பதே சுசானின் வாழ்விலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்.