7-ம் வகுப்பு முக்கோணத்தால் இந்தியாவை அளந்தவர்... பரங்கிமலையில் தொடங்கிய வில்லியம் லாம்டனின் கதை!

பூந்தமல்லியில் பஸ் ஏறி, குமணன்சாவடி, போரூர், ராமாபுரம் வழியாக கிண்டி பக்கம் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அந்தச் சாலையின் பெயர் மவுண்ட் - பூந்தமல்லி சாலை. அதில் இருக்கும் 'மவுண்ட்' நம்ம பரங்கிமலைதான். டிராஃபிக்கில் நின்றபடி கூகுள் மேப்பைத் திறக்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவை முறையாக அளந்து வரைபடம் போடும் வேலை, 1802-ல் அதே பரங்கிமலை அடிவாரத்தில்தான் தொடங்கியது.

அதைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். அவர் பயன்படுத்திய அடிப்படைக் கணக்கு, இன்று அம்பத்தூரிலோ ஆவடியிலோ 7-ம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. புள்ளி, கோட்டுத்துண்டு, கோணம், முக்கோணம். இவ்வளவுதான்!

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், 1750-களில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியிலேயே கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் போனார், அங்கே சிறைபிடிக்கப்பட்டார். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் எல்லைகளை அளக்கும் வேலை. சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்கத் தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதே அவருடைய வேலையாக இருந்தது!

1790-களின் பிற்பகுதியில் இந்தியா வந்தபோது அவருக்கு வயது 40-ஐத் தாண்டிவிட்டது. பெரிய பதவி எதுவும் இல்லை. 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஓர் இரவு, அவருடைய படைப்பிரிவு இருட்டில் நடந்துகொண்டிருந்தது. வானத்து நட்சத்திரங்களைப் பார்த்த லாம்டன், படை நேர் எதிர்த் திசையில், திப்புவின் ஆட்கள் இருக்கும் பக்கமாகப் போகிறது என்று தளபதியிடம் சொன்னார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி!

மைசூர் வீழ்ந்ததும் ஒரு திட்டத்தோடு வந்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை நிலத்தை முக்கோணங்களால் அளக்க வேண்டும். கிழக்கிந்திய கம்பெனிக்கு வேண்டியது வரி வசூலிக்கவும் படை நடத்தவும் வரைபடம். லாம்டனுக்கு வேண்டியது வேறு: பூமியின் உண்மையான வடிவம் என்ன? 1800-ல் அனுமதி கிடைத்தது.

ஏன் முக்கோணம்?

இதைப் புரிந்துகொள்ள ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போகலாம் வாங்க. எதிர்க்கரையில் ஒரு மரம் இருக்கிறது. தண்ணீரில் இறங்காமல் அது எவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் நிற்கும் இடம் ஒரு புள்ளி. கரையோரமாக 200 மீட்டர் நேராக அளந்து இன்னொரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கோட்டுத்துண்டு. இப்போது முதல் புள்ளியிலிருந்து மரத்தைப் பாருங்கள். கரைக்கும் உங்கள் பார்வைக்கும் இடையே 90 டிகிரி, அதாவது செங்கோணம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து இரண்டாவது புள்ளிக்குப் போய் அதே மரத்தைப் பார்த்தால் 45 டிகிரி, இது குறுங்கோணம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி. அப்படியென்றால் மரம் இருக்கும் மூன்றாவது முனையிலும் 45 டிகிரிதான். இரண்டு கோணங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே இருக்கும் பக்கங்களும் சமம். இதுதான் இருசமபக்க முக்கோணம். ஆக, மரம் உங்களிடமிருந்து 200 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கால் நனையவே இல்லை!

கோணங்கள் இவ்வளவு வசதியாக அமையாவிட்டாலும் கணக்கு வேலை செய்யும். ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலும் உள்ள கோணங்களும் தெரிந்தால், அந்த முக்கோணம் ஒரே ஒரு விதமாகத்தான் அமையும். பாடப்புத்தகத்தில் 'கோ-ப-கோ' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அது இதுதான். மற்ற பக்கங்களின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் மேல் வகுப்பில் வரும்.

இன்னொரு வசதியும் உண்டு. கண்டுபிடித்த பக்கத்தையே அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. தரையில் ஒரே ஒரு கோட்டை அளந்துவிட்டால், அதன்பிறகு பெரும்பாலும் கோணங்களை மட்டும் அளந்துகொண்டே போகலாம்.

ஆனால் ஆபத்தும் அங்கேதான். முதல் கோட்டில் சின்னப் பிழை இருந்தால், பின்னால் வரும் எல்லா முக்கோணமும் அதைச் சுமக்கும்.

12 கி.மீ.க்கு 57 நாள்!

அதனால்தான் அந்த முதல் கோட்டில் லாம்டன் காட்டிய பிடிவாதம். 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலையில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கி.மீ. தூரத்தை அளந்தார். பைக்கில் போனால் அரை மணி நேரம். அவருக்கு 57 நாள் ஆனது.

கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் அப்படியே போட்டு அளக்கவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை ஒரே மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியை நீட்டி, பக்கத்தில் வெப்பமானி வைத்தார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் அந்த நீட்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படிச் சுமார் 400 முறை!

கோணம் அளக்க அவருக்கு வேண்டியது தியோடலைட். நம்ம ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியின் ராட்சத அண்ணன் என்று சொல்லலாம். எடை சுமார் அரை டன். இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும், எதிரி நாடாக இருந்தும் மரியாதையோடு மெட்ராஸுக்கே அனுப்பிவைத்தார்கள்.

பிறகு தொடங்கியது முக்கோண வேட்டை. குன்றுகளின் உச்சியும் கோயில் கோபுரங்களும்தான் முனைகள். மங்களூர் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தபோது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தைச் சுமார் 60 கி.மீ. கூடுதல் அகலமாகக் காட்டியிருந்தது தெரியவந்தது!

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

1808-ல் தஞ்சை பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தின் மீது மோதி, டிகிரி குறிக்கப்பட்ட அதன் வட்டம் வளைந்துபோனது. கோணம் அளக்கும் வட்டமே கோணிவிட்டால் எப்படி?

வேறு யாராக இருந்தாலும் கதை முடிந்தது என்று கிளம்பியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுமார் ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வட்டத்தை நிமிர்த்தினார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது.

குமரி முனைக்குப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி நீண்ட அந்த முக்கோணச் சங்கிலிக்கு அவர் 20 வருடத்துக்கு மேல் கொடுத்தார். 1818-ல் அந்த வேலைக்கு 'மாபெரும் முக்கோணவியல் சர்வே' என்று பெயர் வந்தது. கூடவே ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராக வந்தார். 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், சர்வேக்காகப் பயணத்தில் இருந்தபோதே லாம்டன் இறந்தார். வயது சுமார் 70.

பெயர் யாருக்கு?

சர்வே இமயமலை வரை போனது. 1850-களின் தொடக்கத்தில், வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கில் உலகின் மிக உயரமான சிகரம் எதுவென்று தெரிந்தது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் எவரெஸ்ட். கணக்குப் போட்ட சிக்தாருக்கும் முதல் கோட்டை அளந்த லாம்டனுக்கும் அதில் இடமில்லை. சங்கிலி பிடித்து, கொடி தூக்கி, காட்டு ஜுரத்தில் இறந்துபோன நம்மூர்த் தொழிலாளர்களில் பலரின் பெயர்கூட வெளியில் தெரியாது.

இன்று உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ், கோணத்துக்குப் பதிலாகச் செயற்கைக்கோள்களிலிருந்து உள்ள தூரத்தை வைத்து இடத்தைச் சொல்கிறது. முறை மாறிவிட்டது. ஆனால் தெரிந்த புள்ளிகளை வைத்துத் தெரியாத புள்ளியைக் கண்டுபிடிப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

பரங்கிமலையில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து நேர் சாலைதான். வீட்டில் 7-ம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்க. 'இந்தக் கோணம், முக்கோணம் எல்லாம் எதுக்குப் படிக்கணும்?' என்று கேட்டால், மேலே நின்று தெற்குப் பக்கம் கை காட்டி, அந்த 12 கி.மீ. கதையைச் சொல்லுங்க.