மேரி கியூரி அம்மையார்

அறிவிலே ஆண், பெண் என்ற பேதம் உண்டா என்னும் வாதம் வித்வ சபைகளில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. அதற்குத் தமது உழைப்பையே விடையாகத் தந்தவர் மேரி கியூரி அம்மையார்.

1867-ம் வருஷம், ருஷ்ய ஆட்சியில் சிக்கியிருந்த போலந்தின் வார்ஸா நகரில் அவர் பிறந்தார். அங்குள்ள ஸர்வகலாசாலையில் பெண்களுக்கு இடமில்லை. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருளீட்டி, 1891-ல் பாரிஸ் சேர்ந்தார். 1895-ல் பியர் கியூரியை மணந்தார். 1898-ல் இருவரும் இரண்டு புதிய மூலப்பொருள்களைக் கண்டனர். அடிமைப்பட்ட தாய்நாட்டின் பெயரால் ஒன்றுக்குப் பொலோனியம் என்று பெயரிட்டனர், மற்றொன்று ரேடியம். ஒழுகும் கொட்டகையொன்றில் டன் கணக்கான கனிக் கழிவைக் காய்ச்சி, 1902-ல் அவர் பிரித்தெடுத்த ரேடிய உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கேயாகும்.

1903-ல் நோபெல் பரிசுக்குப் பிரெஞ்சு வித்வான்கள் செய்த சிபார்சில் அம்மையாரின் பெயர் இல்லை. கணவர் வற்புறுத்தியிராவிடில் அப்பெருமை அவருக்குக் கிட்டியிராது. 1906-ல் கணவர் வண்டியில் அகப்பட்டு மாண்டார். ஸர்க்கார் அளிக்க முன்வந்த உபகாரச் சம்பளத்தை மறுத்து, கணவர் வகித்த ஆசிரிய பதவியை ஏற்றார்.

1911 ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியின் தேர்தலில் நின்றார். பாரிஸ் பத்திரிகைகள் இரு கட்சியாகப் பிரிந்தன. பெண்ணைச் சேர்ப்பது மரபுக்கு ஒவ்வாதென்றது ஒரு கட்சி. தகுதியன்றி வேறெதையும் பார்க்கலாகாதென்றது மற்றொன்று. சொற்ப வாக்குகளில் அம்மையார் தோற்றார். அவ்வருஷ முடிவிலேயே ரஸாயனத்திற்காக இரண்டாம் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அகாடமியின் வாயிலை அவர் மீண்டும் தட்டவில்லை.

ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குக் கியூரி தம்பதிகள் உரிமைப் பத்திரம் பெறவில்லை. உலகம் அதனால் லாபமடைந்தது. ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு கிராம் ரேடியம் வேண்டியபோது, அதைக் கண்டுபிடித்தவருக்கே அதை வாங்கப் பணமில்லை. அமெரிக்க ஸ்திரீகள் லக்ஷம் டாலர் திரட்டி 1921-ல் அதை அளித்தனர். 1923-ல்தான் பிரெஞ்சு பார்லிமெண்டு வருஷம் 40,000 பிராங்கு மானியம் வழங்கிற்று. 1934-ல் இரத்த நோயால் அவர் காலமானார். கதிர்வீச்சே அந்நோய்க்குக் காரணமென்று கருதப்படுகிறது.

1936-ல் அவருடைய குமாரி ஐரீன், விஞ்ஞான ஆராய்ச்சிக்கு உப மந்திரியானார். அப்போது பிரெஞ்சுப் பெண்களுக்கு வோட்டுரிமைகூட இல்லை! அகாடமி ஒரு பெண்ணை முழு அங்கத்தினராக ஏற்றது 1979-லேயே.

பொதுஜனங்களின் வரிப்பணம் சில வித்வான்களின் பிதுரார்ஜிதமன்று; அவ்வரியைச் செலுத்துவோரில் பெண்களும் உளர். பெண்ணின் மூளை இன்னதற்கே தகும் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்டு, அத்தீர்ப்பின்படி மானியத்தையும் பதவியையும் பங்கிடும் தேசம் யாரை வஞ்சிக்கிறது? தன்னைத்தான் என்போம் நாம். தகுதியைச் சோதிக்க வேண்டிய இடம் ஆராய்ச்சிசாலை. அதன் கதவைத் திறந்து வைப்பது ஸர்க்காரின் கடமை.